நடுத்தர விலையில் ஒன்று

காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் விரல் வைக்கவே கூசுகிறது. எத்தனை பேர் தொட்டது இது. ஸ்பேஸ் பாரின் நடுவில் கட்டைவிரல் தேய்ந்து ஒரு மினுக்கம், என்டர் விசையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ, எவனோ கீழே டீக்கடையில் பஜ்ஜி தின்றுவிட்டு அதே கையோடு வந்து தட்டிப் பார்த்திருக்கிறான். "சும்மா அடிச்சுப் பாருங்க மேடம், கீபோர்டு பஞ்சு மாதிரி இருக்கும்" என்கிறார் விற்பனையாளர் இக்பால். நாற்பது வயதிருக்கும், கடைக்காரர்கள் மாட்டிவிட்ட சிவப்பு டை, டையின் நுனியில் காய்ந்த சாம்பார்ப் பொட்டு. பார்க்கக்கூடாது என்று நினைத்தால் கண் அங்கேயேதான் போய் நிற்கிறது, என் கண் அப்படி, நல்ல முகத்தில் மருவைத்தான் முதலில் பார்க்கும். சனிக்கிழமை காலை பதினொரு மணி. தில்லைநகரில் இந்தக் கடைக்கு வருவதற்குள் இரண்டு கடை பார்த்தாகிவிட்டது, இரண்டிலும் அதே ஏசி வாடை, பிளாஸ்டிக்கும் யாரோ பூசிக்கொண்டு வந்த செண்டும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை. வரிசையாகத் திறந்து வைத்த திரைகளிலெல்லாம் ஒரே படம் ஓடுகிறது, மாதுளம்பழத்தைக் கத்தியால் பிளக்கிறார்கள், முத்து முத்தாகச் சிவப்பு தெறிக்கிறது, பதினைந்து திரையிலும் ஒரே நேரத்தில், அறுவை அரங்கில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. "ஐம்பதுக்குள்ளயா, அறுபதுக்குள்ளயா மேடம்?" ஐம்பதை ஒட்டி. "என்ன யூஸுக்கு?" டைப்பிங். "டைப்பிங்குக்கா? அதுக்கு முப்பதுலயே இருக்கே." இல்லை, முந்நூறு பக்கக் கோப்பு, கூடவே இருபது பிடிஎஃப் திறந்திருக்கும், பாதியில் ஹேங் ஆகக்கூடாது, ஐந்தாறு வருடம் வரவேண்டும், திரை கண்ணாடி மாதிரி பளபளக்கக்கூடாது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "ரைட்டரா மேடம்?" என்று கேட்கிறார், மரியாதை கூடிவிட்டது குரலில். அந்த மரியாதைதான் குமட்டுகிறது. என்ன சொல்ல. நான் டாக்டர்களைச் செய்கிறேன் அண்ணே, பதிமூன்று பேரைச் செய்திருக்கிறேன், பதினாலாவது ஆள் பாதியில் நிற்கிறது என்றா. முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை முகவுரையிலிருந்து துணைநூற்பட்டியல் வரை நான் எழுதிக் கொடுப்பேன், அட்டையில் வேறொருவர் பேர் இருக்கும், அவர் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் போவார், பேராசிரியர்களுக்குச் சாப்பாடு போடுவார், மறுநாள் வீட்டுப் பலகையில் 'முனைவர்' ஏறிவிடும். என் பேர் மரகதவல்லி, எம்.ஏ., எம்.ஃபில்., அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "ஆமா, கொஞ்சம் எழுதுவேன்" என்றேன்.

பழையதை எடுத்துக் காட்டுங்கள், எக்ஸ்சேஞ்சில் ஏதாவது தரலாம் என்கிறார். பையிலிருந்து எடுக்கும்போதே எனக்கு வெட்கம், உள்ளாடையைக் கடையில் விரித்துக் காட்டுகிற மாதிரி. எட்டு வருடம். இடது பக்கக் கீல் உடைந்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். விசைகளில் எழுத்தெல்லாம் அழிந்து வழுக்கைத் தலைகளாகிவிட்டன, சொறிந்து சொறிந்து மினுங்குகிற தோல். போன செவ்வாய்க்கிழமை நாற்பது பக்கத்தை விழுங்கிவிட்டு அணைந்தது, அணையும்போது தூசி கருகிய நாற்றம், அப்போதே முடிவு செய்துவிட்டேன். இக்பால் அதை வாங்கி மேசைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். முடி, முறுக்குத் தூள், பிறை பிறையாக நகத் துண்டுகள், எல்லாம் என்னுடையவை, நகம் கடிப்பேன், எழுத்து வராதபோது கடித்துத் துப்புவேன். பிறகு, கடைசியாக, ஒரு குட்டிக் கரப்பான். உயிரோடு. கண்ணாடி மேல் விழுந்து மீசையை ஆட்டிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று யோசித்தது. என் விரல்களுக்குக் கீழே, நான் 'ஆய்வாளரின் துணிபு' என்று தட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் அது கீழே இருந்திருக்கிறது, சூடாக, என் எச்சில் நகத்தைத் தின்றுகொண்டு. "பரவாயில்ல மேடம், எல்லாருதுலயும் வர்றதுதான்" என்று இக்பால் டிஷ்யூ தாளால் அமுக்கினார், சின்னதாக ஒரு 'டிக்'. அந்த நேரம் பார்த்து ஃபோன். ராஜவேலு சார். என் நெறியாளராக இருந்தவர், பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவரிடம்தான் நானும் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தேன், "உன் வேலை மெதுவா ஆகட்டும், இந்தப் பையனுக்கு ஒரு இயல் மட்டும் பாத்துக் குடு" என்றார், ஒரு இயல் இரண்டானது, ஒரு பையன் பதிமூன்று பேரானான், என் பதிவு காலாவதியானது. "வல்லி, எங்க இருக்க? கடையிலயா? இந்தா பாரு, நல்லதா மேல் விலையில எடு, பில்லை டிபார்ட்மென்ட் பேருல போடச் சொல்லு. புராஜெக்ட்ல காட்டிக்கலாம். நீ வச்சுக்க. எனக்கு நீ செவ்வாக்கிழமைக்குள்ள இப்ப எழுதுற இயலை முடிச்சாப் போதும்." பேசும்போது ஏதோ மென்றுகொண்டிருந்தார், அந்தச் சவக் சவக் சத்தம் காதுக்குள் ஈரமாக இறங்கியது. அடுத்த மாதம் ஒரு பெண் வருகிறாள், கொஞ்சம் வசதியான இடம், அவளுக்கும் நீதான் என்றார். அவர் வாங்கிக் கொடுத்தால் அது அவருடைய வண்டி, நான் அதில் பூட்டப்பட்டிருப்பேன், இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் "பாக்குறேன் சார்" என்றுதான் வாய் சொன்னது. என் வாய்க்கு அந்த ஒரு வாக்கியம்தான் வரும். பதினெட்டு வருடமாகப் பாக்குறேன் சார்.

ஃபோனை வைத்துவிட்டு, அறுபத்தெட்டாயிரம் போட்டிருந்த ஒன்றின் முன்னால் போய் நின்றேன். நின்றேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வாங்கிவிடலாமே என்று மனம் நாக்கைத் தொங்கப் போட்டது. அப்போதுதான் பில் போடும் மேசையிலிருந்து அந்தக் குரல். "பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடுங்க. டாக்டர் மாசிலாமணி." கடைப்பெண் ஏதோ கேட்டிருப்பாள் போல. "ஆஸ்பத்திரி டாக்டர் இல்லம்மா. பிஎச்டி. தமிழ்." மாசிலாமணி என்னுடைய ஒன்பதாவது. நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் ராஜவேலு சார் வழியாகத்தான், பட்டம் வாங்கிய அன்று சார் அனுப்பிய வாட்ஸப் படத்தில் மாலையும் கழுத்துமாகப் பார்த்தது. இதோ அந்த முகம்தான், மீசைக்குச் சாயம், சாயம் கொஞ்சம் உதட்டுத் தோலிலும் படிந்து கறுத்திருக்கிறது, சட்டைப்பையில் இரண்டு பேனா. பக்கத்து நாற்காலியில் அவருடைய அம்மா, எண்பது இருக்கும், நல்ல திடமான உடம்பு, கடையில் கொடுத்த மாம்பழ ஜூஸை உறிஞ்சிக்கொண்டு மாதுளம்பழப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மணி, அந்தப் பழத்த எத்தன தடவ வெட்டுறான்?" என்று கேட்டார். "சும்மா இரும்மா." என் கால் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. நான் செய்த பொருள் ஒன்று நடமாடுவதைப் பக்கத்தில் பார்க்கவேண்டும் போலிருந்தது. "சார், தமிழ்ல பிஎச்டின்னு சொன்னீங்க. எந்தத் தலைப்புல?" அவர் திரும்பி என்னை மேலிருந்து கீழ் அளந்தார். "இளிவரல்." எனக்கு அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது என் பல்தூரிகையை அவர் எடுத்து வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. "அப்படின்னா என்ன சார்?" அவர் சிரித்தார். "அது பெரிய சப்ஜெக்ட்மா. சொன்னா உங்களுக்குப் புரியாது."

புரியாது. பதினான்கு மாதம். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாட்டில் ஒன்று இளிவரல், இழிவும் அருவருப்பும் ஒன்றாகப் பிசைந்த உணர்வு, முதுமையைப் பார்த்து வரும், நோயைப் பார்த்து வரும், துன்பத்தில் வரும், தான் எளியவள் என்று தெரிகிற இடத்தில் வரும். இருநூற்றெண்பத்தாறு பக்கம். அந்தச் சொல்லோடு படுத்து அந்தச் சொல்லோடு எழுந்தவள் நான். சொல்லிவிடவா, இதோ இந்தக் கடைப்பெண்ணுக்கும் இக்பாலுக்கும் கேட்கும்படி, மூன்றாம் இயலில் நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது சொல்லுங்கள் டாக்டர் என்று. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவரே குரலைத் தாழ்த்தி, அம்மாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெருமை தாங்காமல் ஆரம்பித்தார். "ஒரு எடம் இருக்கும்மா அதுல. படுத்த படுக்கையா கெடக்குற அம்மாவோட முதுகுப்புண்ண மக, அதாவது பிள்ளை, தொடைக்கிற எடம். மொதல்ல அருவருப்பு வருது, அப்புறம் அந்தப் புண்ணப் பாக்கப் பாக்க அதுவே பாசமா மாறுது. வைவாக்கு வெளியூர்லேருந்து வந்த புரொஃபசர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. சொந்த அனுபவமான்னு கேட்டாரு. ஆமாய்யான்னேன். எனக்கே அழுகை வந்துருச்சு." நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஜூஸ் தீர்ந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார், கடகடவென்று சத்தம். இவரைப் படுக்கையில் தள்ளி, புண் வரவைத்து, புண்ணைத் துடைத்து, வந்த பேராசிரியர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடும் போட்டிருக்கிறான். அது என் அம்மா. என் அம்மாவின் முதுகு. வேறு எங்கே எழுதுவது என்று தெரியாமல் அங்கே போய் எழுதி வைத்தேன், பாதுகாப்பாக இருக்கும் என்று, யாருமே படிக்காத இடம் ஆய்வேடுதானே. இப்போது சொல்லத்தான் போகிறேன், வாயைத் திறந்துவிட்டேன். "யம்மாடி" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்து பிசுபிசுவென்று இருந்தது. "இங்க பாத்ரூம் எங்கன இருக்கு? சுருக்கப் போவணும்." மாசிலாமணி பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "வீட்டுக்குப் போய்க்கலாம்மா, பத்து நிமிசம்" என்றார். "முடியாதுடா." இக்பால் மாடிப்படியைக் காட்டினார், ஸ்டாஃப் பாத்ரூம்தான் மேடம், லைட் சுவிட்ச் வெளியில. மாசிலாமணி என்னைப் பார்த்து, "கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களாம்மா, நான் இந்த வாரன்டி கார்டை முடிச்சுர்றேன்" என்றார், ஓசிக்கு வேலை வாங்கியே பழகிய குரலில்.

பன்னிரண்டு படி. ஏழாவது படியில் அவர் நின்றுவிட்டார். நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு நாற்றம் வந்தது, மாம்பழ ஜூஸும் மலமும். "போயிருச்சு" என்றார் மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி அவனைக் கூப்பிடலாம், உன் சொந்த அனுபவம் வந்திருக்கிறது வா என்று. எவ்வளவு பொருத்தம், எவ்வளவு நியாயம். ஆனால் அவர் கை என் தோளை இறுக்கிக்கொண்டிருந்தது, அந்தப் பிடியோடு மீதி ஐந்து படியும் ஏறினோம், புடவையிலிருந்து ஒவ்வொரு படியிலும் சொட்டு. உள்ளே ஒரு வாளி, உடைந்த மக், நாப்தலின் உருண்டை, பூட்ஸ் கால் பதிந்த ஈரத் தரை. அவரைக் குழாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினேன். எனக்கு ஒரு தடவை ஓங்கரித்தது. இரண்டாவது தடவை வாஷ்பேசினில் கொஞ்சம் வந்தும்விட்டது, காலையில் குடித்த காப்பி. வாயைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்தேன். மொண்டு ஊற்றினேன், தொடை, முழங்கால், கணுக்கால், விரல் இடுக்கு, கையால்தான் தேய்க்கவேண்டியிருந்தது, வேறு எதனால். தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக இருந்தது, மடிப்பை விலக்கினால் உள்ளே இன்னும் இருந்தது. பார்க்கப் பார்க்க அருவருப்பு பாசமாக மாறும் என்று எழுதினேனே, மாறவில்லை. அருவருப்பாகவே இருந்தது. இவர் யார் எனக்கு. கை மட்டும் வேலை செய்தது. எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், என் அம்மாவின் முதுகை நான் ஒருநாளும் துடைத்ததில்லை. ஜெசிந்தா என்று ஒரு பெண், காலை எட்டுக்கு வந்து ஆறுக்குப் போவாள், அவள்தான் துடைத்தாள், மருந்து வைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள், எல்லாம். நான் பக்கத்து அறையில் தட்டிக்கொண்டிருந்தேன். முதுமையும் நோயும் இளிவரலின் நிலைக்களன்கள் என்று தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிடுவாள், வல்லி, வல்லி என்று, ஜெசிந்தா போன பிறகு, ஏழு மணிக்கு மேல். தண்ணீருக்காக இருக்கும், புரட்டிப் படுக்கவைக்கவும் இருக்கும். நாற்றம் வருகிறதென்று கதவைச் சாத்துவேன். சாத்தியும் கேட்கும், ஃபேனைக் கூட்டுவேன். அந்தப் பக்கத்தை எழுதின அன்றைக்கும் கதவு சாத்தித்தான் இருந்தது. இந்த மாசிலாமணி என்னத்தைப் பெரிதாகத் திருடிவிட்டான், நான் ஜெசிந்தாவின் கையைத் திருடி என் கை என்று எழுதினேன், அவன் என்னிடமிருந்து அதை எடுத்துக்கொண்டான், அழுதிருக்கிறான் வேறு, நான் எழுதும்போது அழக்கூட இல்லை, பக்கம் கூடுகிறதே என்றுதான் பார்த்தேன். மக்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மறுபடி மொண்டேன். "மூஞ்சியச் சுளிக்காதம்மா" என்றார் அவர், கோபமாக இல்லை, "சுகர் மாத்திரை புதுசா மாத்திக் குடுத்தாங்க, அதுலேருந்து இப்புடித்தான்." "சுளிக்கலம்மா." "சுளிக்கத்தான் செய்யுற. சுளிச்சா சுளி, ஆனா நல்லாக் கழுவுற." புடவையின் கீழ்ப்பகுதியை அலசிப் பிழிந்து, என் துப்பட்டாவை எடுத்து அவர் கால்களைத் துடைத்தேன், மாங்காய் டிசைன் போட்டது, போன தீபாவளிக்கு எடுத்தது, அதைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். படியிலும் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டேன். இறங்கும் முன்னால் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "மணிகிட்ட சொல்லிறாத. அவனுக்கு இதெல்லாம் ஒத்துக்காது. சின்னதுலேருந்தே ரொம்ப அருவருப்புப் படுவான்." அவர் கண் ஈரமாக இருந்தது, பயந்திருந்தது, எண்பது வயதில் தன் பிள்ளையின் மூக்கைப் பார்த்துப் பயம். "சொல்ல மாட்டேம்மா" என்றேன். என்னவெல்லாம் சொல்ல வைத்திருந்தேன், எல்லாம் அந்த இரண்டு சொல்லோடு போயிற்று.

கீழே மாசிலாமணி பெட்டியோடு தயாராக நின்றார். "என்னம்மா இவ்ளோ நேரம்? பொடவையெல்லாம் நனைஞ்சிருக்கு." "குழாய் பீச்சிருச்சுடா" என்றார் அம்மா. அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது, ஒரு அடி தள்ளி நடந்தார், வாசல் படியிறங்கும்போது கூடக் கையைக் கொடுக்கவில்லை, பெட்டியைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போகட்டும். இக்பால் என் வெறுங்கழுத்தையும் நனைந்த கால்களையும் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை, ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். சாம்பார்ப் பொட்டு இருந்தால் என்ன. "எது மேடம் முடிவு பண்ணீங்க? அந்த அறுபத்தெட்டா?" வேண்டாம் அண்ணே, முதலில் காட்டினீர்களே, ஐம்பத்தொன்று, மங்கல் திரை, அது நீடித்து உழைக்குமா, பொய் சொல்லாமல் சொல்லுங்கள். "பாக்க சுமாரா இருக்கும் மேடம். ஆனா கீல் இரும்பு. என் தங்கச்சி அதான் நாலு வருசமா வச்சிருக்கு, டியூஷன் எடுக்குது, ஒருநாள் நின்னதில்ல. சர்வீஸ் சென்டர் இங்க கன்டோன்மென்ட்லயே இருக்கு." அதையே போடுங்கள் என்றேன். பழையதை எக்ஸ்சேஞ்சில் தரவில்லை, கோப்புகளை மாற்றித் தரவா என்றதற்கும் வேண்டாம் என்றேன், அந்தப் பதிமூன்று பேரும் அந்தச் சூட்டிலேயே கிடக்கட்டும். பில் அச்சாகிக்கொண்டிருக்கும்போது மறுபடி ராஜவேலு சார். "என்ன எடுத்த? டிபார்ட்மென்ட் பேரு போட்டியா?" "என் பேருல போட்டுட்டேன் சார்." "ஏன், காசு கொட்டிக் கெடக்கா?" "சார், மாசிலாமணி தீசிஸ்ல மூணாவது இயல்ல நான் எழுதுனது பொய்." ஒரு நொடி சவக் சவக் நின்றது. "எது பொய்? எல்லாம் பாஸாகி அஞ்சு வருசமாச்சு. உனக்கு ஒடம்பு சரியில்லையா?" "செவ்வாக்கிழமைக்கு முடியாது சார். அந்தப் பொண்ணுக்கும் முடியாது." "இந்த மாசம் கஷ்டம்னா அடுத்த மாசம்..." "இல்ல சார்." அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், காதிலிருந்து எடுத்துவிட்டேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. வேறென்ன தெரியும் எனக்கு, புதன்கிழமை நானே கூப்பிட்டுவிடுவேனோ, பாக்குறேன் சார் என்று அந்த வாய் மறுபடி திறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கையை முகர்ந்து பார்த்தேன். கடையின் சோப்பு, எலுமிச்சை மாதிரி ஏதோ, அதற்கு அடியில் அந்த நாற்றம் இருந்தது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன், பக்கத்தில் கீரைக்கட்டுகளோடு ஒரு பெண் உட்கார்ந்தாள், பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தத்தில் பொறுக்கமுடியாமல் கேட்டாள், "லேப்டாப்பாக்கா? யாருக்கு வாங்குனது?" யாருக்கு என்ற கேள்விக்கு நான் எப்போதும் ஒரு பேர் சொல்லியே பழகியிருந்தேன். "எனக்கு" என்றேன்.